மிஷின் நிற்காத பத்து நாள்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிச்சு அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரலை. தைச்ச யூனிஃபார்மைக் குடுத்துட்டு நாலு மணிக்குள்ள வந்துடுவேன். சாப்பாடு மேசைமேல மூடியிருக்கு. என் சாவியைக் காணோம், உங்களோடதை எடுத்துட்டுப் போறேன்.

எதிர்வீட்டு நர்ஸ் அக்காவைக் காலையில பார்த்தேன். "அஞ்சு மாசம் முடிஞ்சும் புள்ள அசையலையேன்னு உன் வீட்டுக்காரர் எங்க வாசல்ல வந்து கண் கலங்குறாரும்மா"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு.

புள்ள அசையுதுங்க. பத்து நாளாவே அசையுது.

வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு ஸ்கேனுக்கு நீங்க வரலை. அங்க எல்லார் பக்கத்துலயும் யாராவது இருந்தாங்க, என் பக்கத்துல என் கைப்பைதான். அந்தக் கோபத்துல "இன்னும் ஒண்ணும் தெரியலை"ன்னு பொய் சொன்னேன். தையல் மிஷினை மிதிக்கிற வரைக்கும் புள்ள கம்முனு கிடக்கும், நிறுத்தினா உதைக்கும். அதனால சாயங்காலம் நீங்க வயித்துல கை வைக்க வர்றப்பல்லாம், தைக்க ஒண்ணும் இல்லாட்டியும் பழந்துணியைப் போட்டு மிதிச்சுட்டே இருந்தேன். நீங்க கொஞ்ச நேரம் கை வெச்சுப் பார்த்துட்டு எழுந்து போயிடுவீங்க.

முதல் உதையில உங்களுக்கும் பங்கு இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன். எப்படித் திருப்பித் தர்றதுன்னு தெரியலை.

பால் காய்ச்சிட்டேன், திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

இன்னொண்ணு. மிஷின் பெல்ட்டைக் கழட்டி உங்க தலையணைக்கு அடியில வெச்சிருக்கேன். சாயங்காலம் நான் கேட்டாலும் தராதீங்க.