ஜெபத்தில் விடுபட்ட பெயர்

ஐஷன்பெர்க் கோட்டை
1604 அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

"சம்மதம், கடவுள் எனக்குத் துணை." நேற்று ஆலயத்தில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். அமைச்சர் திருமண ஒப்பந்தத்தை வாசித்து முடித்ததும் இரண்டு விரலை உயர்த்தி அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் கை எழவில்லை என்று பேசிக்கொள்கிறார்களாம். எழுந்திருக்கும், நான்தான் எழுப்பவில்லை.

ஒன்பதாம் பிரிவை நீங்கள் படித்தீர்களா? நீங்கள் பார்த்த மாப்பிள்ளை ஹெலன்டால் பிரபு கத்தோலிக்கர். அவர் வீட்டில் நான் அவர்கள் முறைப்படி திருவிருந்து வாங்க வேண்டுமாம். அப்பம் மட்டும் எனக்கு, திராட்சை ரசக் கிண்ணம் குருவுக்கு; நம் சபையிலோ இரண்டும் எல்லோருக்கும். அந்தக் கிண்ணத்தை விடாததற்காகத்தான் நம் தாத்தா பாதி நாட்டை இழந்தார். நானும் விடுவதாக இல்லை.

உங்கள் தங்கை
உர்சுலா

அக்டோபர் 11

உர்சுலா,

"ஒரு முழுங்கு திராட்சை ரசத்துக்கா இந்தக் கூத்து? எங்க நிலவறைக்கு வரச் சொல்லுங்க, நீந்திக் குளிக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை அனுப்புவதாகச் சொன்ன வீரர்கள் இல்லாமல் எல்லையை எதை வைத்துக் காப்பேன்? உன் புத்தக அலமாரியை அப்பாவே பூட்டியிருக்க வேண்டும்.

நாளையே வைல்பாக்கில் உள்ள நம் சபைக் கன்னிமாடத்துக்குப் புறப்படு. ஞாயிறு ஜெபத்தில் நம் குடும்பத்தாருக்காக வேண்டும்போது இனி உன் பெயரை வாசிக்கக்கூடாது என்று எல்லாப் போதகர்களுக்கும் உத்தரவு போய்விட்டது. உனக்காக வேண்டிக்கொள்ளக்கூட ஆளில்லாமல் இருந்து பார். மனம் மாறினால் எழுது.

அங்கே குளிர் அதிகம். கம்பளி அங்கியை அனுப்புகிறேன்.

லூடோல்ஃப்
ஐஷன்பெர்க் கோமகன்

வைல்பாக்
நவம்பர் 4, ஞாயிறு

அண்ணா,

அங்கி வந்தது. நன்றி.

போன ஞாயிறு இங்கே போதகர் உங்கள் பெயர், அண்ணி பெயர், குழந்தைகள் பெயர் எல்லாம் வாசித்தார். என்னைத் தாண்டி நேரே விளைச்சலுக்கான வேண்டுதலுக்குப் போய்விட்டார். மாவு ஆலைக்கார பார்பரா எழுந்தாள்.

"போதகரய்யா, ஒரு ஆளு கொறையுதே."

"உக்காரும்மா. மேலேர்ந்து உத்தரவு."

"யாரு, கடவுளா?"

"கோமகன்."

"அவரு வரி கேக்கட்டும், குடுக்குறோம். நாங்க யாருக்காக வேண்டிக்கணும்னு அவரு என்ன சொல்றது? அந்தப் பொண்ணு பேர வாசிங்க. இல்லேன்னா ஆமென் கெடையாது."

யாருமே ஆமென் சொல்லவில்லை. கடைசியில் அவர் வாசித்தார். பார்பராவிடம் நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

வியாழக்கிழமை உங்கள் வீரர்கள் வந்து போதகரைக் கொண்டுபோனார்கள். அவரை விட்டுவிடுங்கள். விரலை உயர்த்தாதவள் நான். உங்களுக்குக் கோபம் என்மேல்தானே? என்னிடம் வாருங்கள். மனம் மாறவில்லை; அதற்காக இனி நீங்கள் கடிதம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்று காலை சபை நிறைந்திருந்தது. வாசிக்க ஆளில்லை. நான் எழுந்து போய் ஜெபத்தை வாசித்தேன். உங்கள் பெயரை முதலில் வாசித்தேன். ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

உர்சுலா