ரம்யாவுக்குக் கேட்கிறது, அக்கா

திமிர் குறையாத என் செல்ல அக்காவுக்கு,

முதலில் சேதி. உன் மகள் ரம்யாவுக்குக் காது கேட்கிறது. அவள் மூளை அதைச் சொன்னபோது அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். எனக்கு இருக்கிற பெருமையில் இந்தக் கடிதம் கோர்வையாக வருமா என்று தெரியவில்லை.

பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி வைக்கலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எடப்புளி நாட்டில் நம் ஊரிலிருந்து பஸ் ஏறிக் கொல்லிமலையை விட்டு இறங்கியவள் நீ. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போவாய். ஆபரேஷனும் முடிந்தது. கருவியை இயக்கிப் பார்க்கும் நாளுக்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு கருவியை இயக்கினார்கள். மாமாதான் வாராவாரம் அவளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். மிளகு பறிக்கிற நாளில்கூட வேலையைப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ரம்யா திரும்பவே இல்லை. ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

"சுமதி, இத்தன நாளா எறங்கி ஏறி என்ன புண்ணியம்? புள்ளைக்கு ஒண்ணுமே ஏறல. பயிற்சிய நிறுத்திப்போடலாமுன்னு இருக்கேன்."

உன் புருஷனை நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு, இரண்டு பேரையும் கோவைக்கு, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். இப்படிக் கருவி வைத்த பிள்ளைகளையும் நாங்கள் அங்கே ஆராய்கிறோம்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டார்ச் மேல் விரலை வைத்தால் சிவப்பாகத் தெரியும் இல்லையா? அதுபோல, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி மண்டையோட்டைத் தாண்டி மூளையின் மேற்பகுதிவரை போய்த் திரும்பும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாக ஓடும். திரும்பி வரும் ஒளியை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஊசி இல்லை, வலி இல்லை. ஒளியை அனுப்பி வாங்கும் பொத்தான்கள் வைத்த துணித்தொப்பி ஒன்றை மாட்டினால் போதும். உள்ளே வைத்த கருவியில் காந்தம் இருப்பதால் ரம்யாவைப் பெரிய ஸ்கேனுக்குள் அனுப்ப யோசிக்க வேண்டும். இதற்கு அந்தப் பயமும் இல்லை.

ஆனால் முடி இருக்கிறதே, முடி! உன் முடி அப்படியே அவளுக்கு. அடர்ந்த கறுப்பு முடி ஒளியை விழுங்கிவிடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே வகிடு எடுத்து விலக்கி முடிப்பதற்குள் என் கை ஓய்ந்துபோனது. உன்னைத்தான் மனசுக்குள் வைதேன்.

ரம்யா மாமா மடியில் உட்கார்ந்து சத்தமில்லாத கார்ட்டூன் பார்த்தாள். பின்னாலிருந்து அவர் பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். அவள் திரும்பவில்லை. திரையிலோ, அவர் பேசிய ஒவ்வொரு முறையும் அவள் மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறியது.

"ஏனுங்க, இது எம்பட கொரலுக்கா ஏறுது?" என்று எங்கள் ஆய்வகப் பேராசிரியையிடம் கேட்டார் மாமா.

"ஆமாம். இதை மட்டும் வைத்து எல்லாம் முடிவு செய்ய முடியாது, காது டாக்டரும் பார்க்க வேண்டும். ஆனால் சத்தம் போய்ச் சேருகிறது" என்றார் அவர். "வீட்டில் இவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

மாமா ஒரு காகிதத்தைக் கசக்கி அவள் காலுக்கு முன்னால் எறிந்தார். சட்டென்று திரும்பிச் சிரித்தாள்! குச்சிக்கிழங்குக் காட்டில் நாம் எல்லோரும் மண்ணாங்கட்டி எறிந்துதானே அவளைக் கூப்பிட்டோம்? ஊரே அப்படித்தான் பழக்கியிருந்தது. அவளைப் பொறுத்தவரை கூப்பிடுவது என்றால் எதிரே ஏதாவது வந்து விழ வேண்டும். குரலும் கூப்பிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமா வீடு வீடாகப் போய்ச் சொன்னாராம். "இனி எம்புள்ள மேல ஒருத்தரும் மண்ணு எறியக் கூடாதுங்க. வாயத் தொறந்து கூப்புடுங்க. அவ மூளை வேல செய்யறத நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்." பயிற்சியும் நிற்கவில்லை. இப்போது கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புகிறாள். மீதி நேரம் வேண்டுமென்றே திரும்புவதில்லை என்று எனக்குச் சந்தேகம். உன் மகள்தானே.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் போனில் உன் குரல் இருக்கிறது. மழைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துபோ என்று எனக்கு அனுப்பியது. நடுவில் போனை விட்டு விலகி, "இரு சாமி, அம்மா வாரேன்" என்று ரம்யாவிடம் சொல்கிறாய். காது கேட்காத பிள்ளையிடம்.

சோதனை அன்று அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. உன்னை அவள் வெறும் சத்தமாகக் கேட்க வேண்டாம். சொற்கள் புரியட்டும், அம்மா எங்கே என்று அவளே வாய் திறந்து கேட்கட்டும். அன்றைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ அவளிடம் சொன்னதை அவளிடமே சேர்ப்பேன். இது சத்தியம், அக்கா.

உனக்குத் தங்கச்சி,
உன் மகளுக்குச் சின்னம்மா,
சுமதி