வாசலில் சொன்ன பதில்

வேலூர்
12.8.1979

அன்புள்ள உங்களுக்கு,

ஆம்பூரில் தோல் வாடை பழகிவிட்டதா?

ஒளிந்திருப்பவன் எங்கே என்று கொலைகாரனே வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்ற ஜெர்மன் தத்துவஞானியை நான் பாடம் நடத்தினால் கேலி செய்வீர்களே, நேற்று அந்தக் கேள்வி நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

என் மாணவி சாவித்திரி, சாமுவேலை வரும் வியாழக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொள்ள வீட்டைவிட்டு வந்து நம் வீட்டில் தங்கியிருக்கிறாள். அவள் அப்பா குடியாத்தத்திலிருந்து தேடி வந்தார்.

"எம் பொண்ணு இங்க இருக்காளாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், "உள்ளதான் இருக்கா. அவளா வந்தாத்தான் உண்டு, நான் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

அவர் கத்தவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "போன எடமெல்லாம் தெரியாதுன்னுட்டாங்க. உசுரோட இருக்காளான்னே தெரியாம அலைஞ்சேம்மா. சாப்ட்டாளா?"

அந்தக் குரலைக் கேட்டு அவளே வெளியே வந்தாள். அழுதார்கள். பிறகு இருவருக்கும் சோறு போட்டேன். கிளம்பும்போது, "வியாழக்கிழமை எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஆனாலும் அவர் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

இன்று என் அப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். அவருக்குச் சொல்லாமல் நாம் செய்துகொண்ட திருமணத்துக்குப் பிறகு முதல்முறையாக, முகவரியோடு.

உங்கள்
மனைவி