காற்றில்லா நேரத்துப் பாய்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் ஏழு பேருக்குக் காது பரிசோதனை. ஏழு பேருமே என் வீட்டுக்காரரைவிடத் தங்கமானவர்கள். காது கேட்கும் கருவியைக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்கள். இவர் எட்டு மாதமாக அதை டப்பாவிலேயே வைத்திருக்கிறார். முப்பது வருடம் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் நின்ற காது. என் மாதிரி ஆளைக் கட்டிக்கொண்டு இப்படி!

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. எல்லாம் கேட்டலாக். போன மாதம் வாங்கிய பழைய பாய்மரப் படகுக்குச் சுருட்டி வாங்க வேண்டுமாம். மெல்லிய காற்றுக்கென்றே ஒரு பெரிய பாய் இருக்கிறது, புடவைத் துணி கனம்தான். படகின் முன்முனையில் ஏற்றி விரிப்பார்கள். வேலை முடிந்ததும் குடையை மடக்குவதுபோல் அதைச் சுருட்ட, அடியில் ஓர் உருளை. உருளையைச் சுற்ற ஒரு வளையக் கயிறு. இப்போது இருப்பது முந்தைய சொந்தக்காரர் காலத்தது.

கீழிருந்து சுருட்டுவது, மேலிருந்து சுருட்டுவது, சுருட்டாமல் நீளமான உறைக்குள் இழுத்து அடக்குவது என்று மூன்று வகையாம். மூன்றாவது வருவதற்குள் கொட்டாவி விட்டுவிட்டேன். "உனக்கு ரசனையே கிடையாது" என்றார். கிடையாதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் முறையாக நாங்கள் இருவர் மட்டும் கடலில். காற்று சுத்தமாக இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. பாயைச் சுருட்டிவிட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். முன்னால் 'டிக்' என்றது. சற்று விட்டு இன்னொன்று. உருளையின் தேய்ந்த பல் தாண்டுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பாய் பிரிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றாக, ஓர் அவசரமும் இல்லாமல். முழுக்கப் பிரிந்ததும் வயிறு புடைத்து நின்றது.

என் மடியில் டிஷ்யூ பேப்பர் கிடந்தது. அது அசையவில்லை.

"ஏங்க, அங்க பாருங்க."

"காத்து வந்திருக்கும்."

"எனக்கு ஒரு முடிகூட ஆடலையே."

"மேல அடிக்கிற காத்து கீழ தெரியாதும்மா." உற்சாகமாக எழுந்து முன்னால் போய், சுருட்டிவிட்டு வந்தார்.

மார்ச் 9

அந்த 'டிக்' சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லையாம்.

மார்ச் 14, சனி

படகுத்துறையில் பாய், கயிறு வேலை பார்க்கிற மேஸ்திரி வந்தார். உருளையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார். "இதுல பூட்டே இல்ல மேடம். பாய்க்குள்ள ஓடுற கயிறும் தொளதொளன்னு இருக்கு. கீழ சுத்துற முறுக்கு மேல வரைக்கும் போகாது. மேல லூசா நின்னா லேசான காத்துக்கே பிரிஞ்சுக்கும்."

"காத்தே இல்லையே."

"அப்ப வளையக் கயிற இறுக்கிக் கட்டி வைங்க. பிரியவே பிரியாது."

நிம்மதியாக இருந்தது. காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் மனசு உடனே காலை நீட்டிப் படுத்துவிடுகிறது.

மார்ச் 15, ஞாயிறு

கயிற்றை நானே கட்டினேன். நாலு முடிச்சு. விரல் சிவக்க இறுக்கினேன்.

மத்தியானம் காற்று செத்தது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'டிக்'. நான் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தேனோ? பாய் விரிந்தது, படகு நகர்ந்தது. பின்னால் தண்ணீரில் கோடு விழுந்தது. சுற்றிலும் ஒரு சுருக்கம்கூட இல்லாத கடல், அதில் எங்கள் படகு மட்டும் போகிறது.

அவர் கைதட்டினார். "அடேங்கப்பா! இந்தத் துணி, இல்லாத காத்தையும் பிடிக்குதே!"

போய்ப் பார்த்தேன். முடிச்சு அறுந்திருக்கவில்லை, நழுவியும் இருக்கவில்லை. கயிறு அவிழ்க்கப்பட்டு, டெக்கில் வட்டமாக, அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இவர் என் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

படகை விற்ற அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "அந்தப் பெரிய பாயைப் பத்தி..." என்றுதான் ஆரம்பித்தேன்.

அந்த அம்மா என்னை முடிக்கவிடவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லா கேக்குமா?"

நான் இவர் காதைப் பற்றி அந்த அம்மாவிடம் எதுவுமே சொன்னதில்லை.

"அவ்வளவா கேக்காதும்மா."

"எங்க வீட்டுக்காரருக்கும் கேக்காது. நான் உள்ள டீ போட்டுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளிய வந்தா பாய் விரிஞ்சிருக்கு. இவரைக் காணோம். தண்ணி தட்டு மாதிரி கிடக்கு, படகு பாட்டுக்குப் போயிட்டிருக்கு. எனக்கு அதை நிறுத்தத் தெரியல. முன்னாடி போய்ச் சுருட்டணும், பயம். திரும்பி வந்து தேடுறதுக்குள்ள..."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?" அழுகிறார்களா என்று தெரியவில்லை. "அவர முன்னாடி போக மட்டும் விடாதீங்க."

மார்ச் 18

எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார். "புருஷன் போன துக்கத்துல அவங்க என்னென்னமோ பேசுறாங்க. நீ படிச்சவதானே?"

படிச்சவதான். அதனாலதான் பயமா இருக்கு. பேய்னு நம்புறவங்களுக்காவது செய்ய ஏதாவது இருக்கும். எனக்கு என்ன இருக்கு? கேட்டலாக்தான் இருக்கு.

சரி, கேட்டலாக்கையே எடுத்தேன். ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை. அவருக்கு மேலிருந்து சுருட்டும் வகைதான் வேண்டுமாம், பிற்பாடு தொப்பையாகத் தைத்த பாய் வாங்கினாலும் உதவுமாம். இப்போது இருப்பது தட்டையாகத் தைத்த பாய், கீழிருந்து சுருட்டினாலே போதும் என்று மேஸ்திரி சொல்லியாயிற்று. உறை வேண்டவே வேண்டாம், அதை இழுக்க ஒருவர் முன்முனையில் நின்றாக வேண்டும். எனக்கு வேண்டியது மூன்று: பூட்டு, முறுக்கு குறையாத உள்கயிறு, பின்பக்கம் நாங்கள் உட்காரும் இடம்வரை நீண்டு வருகிற வளையக் கயிறு. யாரும் முன்னால் போகத் தேவையில்லாத சுருட்டி.

"நேத்துவரைக்கும் கொட்டாவி விட்டே, இன்னிக்கு மேஸ்திரிக்கே பாடம் எடுப்பே போலிருக்கு" என்றார். கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

ஏப்ரல் 4, சனி

புதுச் சுருட்டியைப் பொருத்தியாயிற்று. மேஸ்திரி கயிற்றை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். பாய் வெண்ணெய் மாதிரிச் சுருண்டது. "பல்லே கிடையாது மேடம். பேரிங். சத்தமே வராது" என்றார் பெருமையாக.

நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. உள்ளங்கை இரண்டிலும் கட்டு.

ஞாயிற்றுக்கிழமை. கரை கோடாகத் தெரியும் தூரம். காற்று நின்றது. பாயைச் சுருட்டி, பூட்டை நானே போட்டேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அவர் பின்பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில் எடுக்கக் கேபினுக்குள் இறங்கினேன். இரண்டு நிமிஷம் இருக்குமா? காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை.

சத்தம் எப்படி வரும்? நான்தானே அதை எடுத்துப் போட்டேன். இருந்த ஒரே எச்சரிக்கை அது.

காலுக்குக் கீழே தரை நகர்வது தெரிந்தது. ஏறி வந்தேன். பாய் முழுக்க விரிந்து நிற்கிறது. பேப்பர் இருக்கு. அவர் இல்ல. எங்கங்க போனீங்கன்னு கத்துறேன். பின்னாடி தூரத்துல, கோடு போட்ட தண்ணில, கறுப்பா ஒரு தலை.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முந்தின நாள் வெண்ணெய் மாதிரி வந்தது, அன்று அசையவில்லை. காற்றில்லாத பாய், நூலாக வந்திருக்க வேண்டும். மறுமுனையை யாரோ இரண்டு கையாலும் பிடித்திருக்கிற மாதிரி. நான் இழுக்க, அது விட்டுக்கொடுத்து, திரும்ப இழுக்க. உள்ளங்கைத் தோல் உரிந்தது. என்ன சொல்லிக் கத்தினேன் என்று ஞாபகமில்லை, கெட்ட வார்த்தைதான். நான் வாழ்க்கையில் சொல்லாத வார்த்தைகள். திடீரென்று விட்டது. மல்லாக்க விழுந்தேன். எழுந்து இழுத்தேன். கடைசிச் சுற்றுவரை சுருண்டது.

படகு நின்றது. எஞ்சினைப் போட்டுத் திருப்பிக்கொண்டு போனேன். ஏணியில் அவர் ஏறும்போது பல் தந்தியடித்தது. துண்டைப் போர்த்தி உட்கார வைத்தேன்.

"முன்னாடி போகாதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்!"

என்னையே பார்த்தார். "நீதானே கூப்பிட்டே."

"நான் கீழ இருந்தேன்."

"முன்னாடியிருந்துதான் கூப்பிட்டே. கயிறு சிக்கிருச்சு, வாங்கன்னு. இத்தனை வருஷத்துல உன் குரல் அவ்வளவு தெளிவா எனக்குக் கேட்டதே இல்ல."

ஏப்ரல் 11

படகைக் கரையேற்றிவிட்டோம். பாயைத் துண்டு துண்டாக வெட்டிவிடச் சொன்னேன். மேஸ்திரி காரணம் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தார், கத்தரியை எடுத்தார்.

ஏப்ரல் 12

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இனி அவரை நான் வாயால் கூப்பிட மாட்டேன். வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவேன். தொட்டால் மட்டும் அவர் திரும்ப வேண்டும். யோசனை அவருடையது. சிரிக்காமல் சொன்னார்.

மே 2, சனி

மழை. நாள் முழுக்க வீட்டில்தான். மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு ரெடியானதும் போய்த் தோளில் கை வைத்தேன். உடம்பு தளர்ந்து, பெரிதாக மூச்சு விட்டார். சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

"வந்துட்டியா," என்றார். "காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. நான் திரும்பவே இல்ல, பாத்தியா?"

"நல்லது" என்றேன். தோளிலிருந்து கையை எடுக்காமலே சாப்பாட்டு மேசைவரை கூட்டி வந்தேன்.