ஸ்ட்ரூவனுக்குக் குரல் கொடுக்காத கல்

ஸ்கூன்,
ஏப்ரல் 3, 2024

அன்பு மருமகன் ஸ்ட்ரூவனுக்கு,

டூகல் மாமா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் நோரீனும் உறைந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. கனடாவில் மைக்கு அவ்வளவு தட்டுப்பாடா?

பெரிய செய்தி, கல் வந்துவிட்டது. நம் ஸ்காட்லாந்து அரசர்கள் உட்கார்ந்து முடிசூடிக்கொண்ட கல், எழுநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்துக்காரன் அள்ளிக்கொண்டு போன அதே கல். லண்டனில் கிடந்து, எடின்பரோவில் கிடந்து, இப்போது பெர்த் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் உட்கார்வதற்குள் இறங்கிவிடலாம். அதைக் கொண்டுவந்த வண்டிக்காரனுக்கு வழி சொன்னது யார் என்று நினைக்கிறாய்? சரி, ஒரு வண்டிக்காரனுக்கு வழி சொன்னேன். உள்ளே இருந்தது கல்லா ரொட்டியா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்லைப் பார்க்க வரும் கூட்டம் நம் ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. நேற்று டீக்கடைப் பலகையைப் படித்துவிட்டு ஓர் அம்மாள், "ரெண்டு ஸ்கூன் குடுங்க" என்றாள். ஊர்ப் பெயரும் வெண்ணெய் தடவித் தின்னும் குட்டி ரொட்டியின் பெயரும் ஆங்கில எழுத்தில் ஒன்றுதானே, அவளைக் குறை சொல்ல முடியாது. "ஊரையே தட்டுல கேக்கறீங்களேம்மா. வாய்க்குள்ள போறது ஸ்கான். நாங்க குடியிருக்கறது ஸ்கூன்" என்றேன். முடிசூட்டு நாளில் பசியெடுத்த அரசனுக்கு முதல் ஸ்கானைச் சுட்டுக் கொடுத்தவள் எங்கள் ராட்ரே குடும்பத்துப் பெண் என்பதையும் சொல்லி வைத்தேன். பாவம், எழுதிக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, இஷ்பெல்லுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல பையன், என்னைப் பேச விடுகிறான். உன் அப்பாவும் இல்லை, என் அக்காவும் இல்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குள் நடப்பேன் என்கிறாள் உன் தங்கை. நீ வருகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

விருந்தில் பேசப்போவதும் நான்தான். எதைப் பேசப்போகிறேன் தெரியுமா? நம் ஊர் அரண்மனை மேட்டில் இருக்கும் நகல் கல்லில் சின்ன வயதில் உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தோமே, அதைத்தான். உரிய வாரிசு உட்கார்ந்தால் கல் குரல் கொடுக்கும் என்பார்கள். இஷ்பெல் உட்கார்ந்ததும் எருமை மாதிரி முழங்கியது. நீ உட்கார்ந்தாய், சத்தமே இல்லை! மதுக்கடையில் இந்தக் கதைக்குச் சிரிக்காத ஆள் கிடையாது.

கல்லே ஊர் திரும்பிவிட்டதடா. உனக்கு என்ன?

உன் அன்பு மாமா,
டூகல் ராட்ரே


ஹாலிஃபாக்ஸ்,
ஏப்ரல் 19, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. வேலையைக் காரணம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கதையை விருந்திலும் சொல்லப்போகிறேன் என்கிறீர்களே, அதனால் உள்ளதையே எழுதுகிறேன்.

கல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கோயிலின் மூலையில் உங்கள் பழுப்பு பூட்ஸின் முனை தெரிந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கல் பேசாது என்று தெரியும். இஷ்பெல்லுக்காகச் சத்தம் போட்டது நீங்கள்தான் என்றும் தெரியும். அதனால்தான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். எனக்கு ராஜாவாக வேண்டும் என்றில்லை மாமா. எனக்காகவும் நீங்கள் ஒரு தடவை சத்தம் போடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நீங்கள் போடவில்லை.

"மாமாவுக்கே நீ வேணாமாம்டா" என்று அப்பா சிரித்தார். அன்று காரில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நீங்கள் அந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் நானும் சிரித்தேன். இங்கே வந்த பிறகுதான் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

இஷ்பெல்லிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஸ்ட்ரூவன்


ஸ்கூன்,
மே 1, 2024

ஸ்ட்ரூவன் கண்ணா,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். எதையும் ஜோடிக்கவில்லை.

அன்று உன் அம்மா சுட்ட ஸ்கான்களைத் துணியில் மூடி எடுத்துவந்திருந்தோம். பின்னால் ஒளியப் போகும்போது ஒன்றை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இஷ்பெல்லுக்காகச் சத்தம் போட்டு முடித்தேன். அடுத்து உன்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் தின்றுவிடலாம் என்று முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். நீ யாரும் கூப்பிடாமலே ஓடிவந்து உட்கார்ந்துவிட்டாய்.

வெண்ணெய் கூடத் தடவாத ஸ்கான், தொண்டையில் அப்பிக்கொண்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு இருந்தாய். நான் விழுங்கி முடிப்பதற்குள் இறங்கிவிட்டாய்.

அவ்வளவுதான் கண்ணா. உனக்கு மாட்டேன் என்று நினைக்கவே இல்லை. உனக்குத்தான் இன்னும் பெரிதாகப் போடவேண்டும் என்று இருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. 'மாமா வாயில் ஸ்கான்' என்பதைவிடக் 'கல்லுக்குத் தெரிந்திருக்கிறது' என்பது நல்ல கதையாக இருந்தது. நீயும் சிரித்தாய். அதை நம்பிவிட்டேன்.

வந்துவிடு. அந்தக் கதையை இனி எடுக்கமாட்டேன்.

மாமா


ஹாலிஃபாக்ஸ்,
மே 14, 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நோரீனுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "இது நிஜமா இருக்குமோ?" என்று கேட்டாள். உனக்கு எங்கள் மாமாவைத் தெரியாது என்றேன். கல் வண்டிக்கு வழி காட்டியவர், முதல் ஸ்கானைச் சுட்ட குடும்பத்துக்காரர். வெண்ணெய் தடவவில்லை என்பது வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார் பார் என்றேன்.

கோபமாக எழுதவில்லை. நீங்கள் சொன்னதிலேயே இதுதான் நல்ல கதை.

இஷ்பெல் போனில் அழுதாள். அவளுக்காக வருகிறேன். பெர்த்தில் விடுதி அறை எடுத்துவிட்டேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஸ்ட்ரூவன்


ஸ்கூன்,
ஜூலை 2, 2024

ஸ்ட்ரூவனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று இஷ்பெல் சொன்னாள். தேவாலயத்துக்குள் நீ அவளை நடத்திக்கொண்டு வந்தபோது உன் அம்மா நடந்து வருவது போலவே இருந்தது. அதே தோள் சாய்வு. வாசலில் என் கையைக் குலுக்கி, "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டாய். நல்லா இருக்கேன் என்றேன். விருந்தில் எழுந்து மணமக்களை வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டூகலுக்கு உடம்பு சரியில்லையா என்று ஊரே விசாரித்தது.

போன வாரம் அரண்மனை மேட்டுக்குப் போனேன். எனக்கென்று அங்கே தனிச் சாவி இருப்பதாக உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்படி ஒன்றும் கிடையாது. எல்லோரையும் போலச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன்.

கல்லில் யாரும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டேன். வாயில் ஒன்றும் இல்லை. மூச்சை நன்றாக இழுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக முழங்கினேன். உனக்குத்தான்.

புல்வெளியில் ஒரு குழந்தை அரண்டுபோய் அம்மாவிடம் ஓடியது. "ஒண்ணுமில்லடா, மயில் கத்துது" என்றாள் அவள். அங்கே மயில்கள் திரிவது உனக்குத் தெரியும்.

அது மயிலாகவே இருக்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

மாமா