பதினான்கு மீட்டர் தூரத்து ரொட்டிக் கடை

ஜனவரி 11

இன்று ரொட்டி வாங்கக் காரில் போனேன். கடை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கட்டிலுக்கு நேர் கீழே, நான்கு மாடி கழித்து. காலையில் அவர்கள் அடுப்பைத் திறந்தால் வாசனை என் ஜன்னலுக்கு வந்துவிடும். நான் போய்ச் சேரத்தான் நேரமாகிறது.

மேலே வீடுகள், கீழே கடைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைகளின் வாசல் எல்லாம் பெரிய சாலையைப் பார்த்து, வீட்டுக்காரர்களின் வாசல் பின்பக்கம், நடுவில் கார் நிறுத்துமிடம். நடந்து போவதென்றால் பின் கேட்டைத் தாண்டி, மதிலைச் சுற்றி, கார்கள் ஏறி இறங்கும் சரிவைக் குறுக்கே கடந்து, நடைபாதையே இல்லாத சாலையோரத்தில் லாரிகளோடு உரசிக்கொண்டு போக வேண்டும்.

ரொட்டிக் கடைக்காரர் இன்று கேட்டார், "இதை வரைஞ்ச புண்ணியவான் யாருங்க?" தெரியலையே என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

நான்தான் அந்தப் புண்ணியவான்.

ஜனவரி 14

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள், எங்களோடேயே இருக்க. முப்பத்தோரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாள் வீட்டில் தங்கியதில்லை. போன வருடம் கண்ணில் கோளாறு. நேரே பார்ப்பது தெளிவாகத் தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரிவதில்லை. ஸ்கூட்டரை விற்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

நான்தான் இங்கே வா என்று மூன்று மாதம் நச்சரித்தேன். விற்பனைக்கு அச்சடித்த நோட்டீஸைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். "எல்லாமே ஐந்து நிமிட நடை." அந்த வாசகமும் என் கைவண்ணம். அதைப் படித்துவிட்டு, இருபது வருடம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டாள்.

மனைவி கேட்டாள், "நோட்டீஸ் ஊரை நம்ப வைக்கத்தானே எழுதினீங்க? நீங்களும் சேர்ந்து நம்பிட்டீங்களா?"

ஜனவரி 21

அக்கா வந்து பெட்டியை வைத்ததும், ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். இருபது நிமிடத்தில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"தெருவுல ஒரு கதவுகூட இல்லையேடா."

தபால்காரி அவள். எந்தத் தெருவையும் கதவுகளை வைத்துத்தான் எண்ணுவாள். பின்பக்கத் தெருவில் நான் வைத்திருப்பது மின்மாற்றி அறை, ஏசி வெப்பக் காற்றைத் துப்பும் கம்பிச் சட்டங்கள், குப்பை அறையின் ஷட்டர், அப்புறம் நூற்றுப்பத்து மீட்டர் வெறும் சுவர். அந்தச் சுவருக்கு என் வரைபடத்தில் "அமைதியான முகப்பு" என்று பெயர். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பிட வா என்றேன்.

ஜனவரி 22

அலுவலகத்திலிருந்து அளவு சக்கரத்தைக் கொண்டுவந்து உருட்டிப் பார்த்தேன். லிஃப்டிலிருந்து ரொட்டிக் கடைக்கு 860 மீட்டர். ஜன்னலிலிருந்து கயிறு விட்டால் 14. அக்கா சரிவு வரைக்கும் போய், கார் வருகிறதா என்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்பி வந்துவிட்டாளாம். காவலாளி சொன்னார்.

பிப்ரவரி 3

ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இன்று பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். தெரியாததுபோல் தேடினேன், எனக்கா தெரியாது? வரைபடத்தின் நடுவில் காம்பஸை ஊன்றி நானூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். கடை, மருந்துக் கடை, கிளினிக், பஸ் நிறுத்தம் எல்லாம் வட்டத்துக்குள். எல்லாம் ஐந்து நிமிடம். வட்டம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், சரிவைத் தாண்டிப் போகும். மனிதனால் போக முடியாதே என்று எனக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இளையவர்களுக்கு நான் சொல்லாத நாள் இல்லை.

அதே கோப்பில் இன்னொன்றும் இருந்தது. முதல் வரைபடம். அதில் லிஃப்டிலிருந்து நேராக, கார் நிறுத்துமிடத்தின் ஊடே, ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் வெளியே வருகிற மூன்று மீட்டர் அகல வழி ஒன்று. அழகாக வரைந்திருக்கிறேன். இரண்டாவது வரைபடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் சுவர், சுவருக்கு முன்னால் இரண்டு கார்.

கோப்பை மூடி வைத்தேன்.

பிப்ரவரி 17

கேலிக்கூத்து. "நடப்பதற்கு ஏற்ற வளாகம்" விருதுக்கு எங்கள் கட்டடம் இறுதிப் பட்டியலில் வந்திருக்கிறது! நடுவர்கள் மார்ச் எட்டாம் தேதி நேரில் பார்க்க வருகிறார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். விளக்கக் குறிப்பை என்னையே எழுதச் சொன்னார். ஒரு பக்கத்தில் "மனிதர்களுக்காக" என்று ஆறு தடவை எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்து இரண்டை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

"நாளைக்கு எப்ப ஃப்ரீயா இருப்ப?" என்று அக்கா கேட்டாள். நூல் ஒரு கண்டு வாங்க வேண்டுமாம்.

மழையிலும் வெயிலிலும் ஊருக்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவள், ஒரு கண்டு நூலுக்கு என்னிடம் நேரம் கேட்கிறாள். மத்தியானம் பால்கனியில் நின்று போகிற வருகிற பஸ்களை எண்ணுகிறாளாம். மனைவி சொல்லித்தான் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன். நான் அப்படித்தான்.

மார்ச் 7

முதலாளி கூப்பிட்டார். நாளைக்கு நடுவர்கள் வரும்போது கட்டடத்து முற்றத்தில் நாலு பேர் நடமாடினால் நன்றாக இருக்கும் என்றார். எங்கள் படங்களில் எப்போதும் ஆட்களை வெட்டி ஒட்டுவோம், குடை பிடித்த பெண், பலூன் வைத்த குழந்தை, நாயோடு ஒருவர். நிஜத்தில் அந்த முற்றத்தில் நாய்கூட வருவதில்லை.

மனைவிக்கு வேலை இருக்கிறதாம், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அக்காவிடம் கேட்டேன். நடக்கத்தானே, நடக்கிறேன் என்றாள் சந்தோஷமாக. அப்புறம், "எங்க போகணும்?"

"எங்கயும் இல்லக்கா. சும்மா அங்கயும் இங்கயும்."

"எங்கயும் போகாம எப்படிடா நடக்கறது?"

சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 8

கை. இடது மணிக்கட்டு. எலும்பு முறிவு. வேறொன்றும் இல்லை என்கிறார்கள் — தலையில் அடி இல்லை, நல்லவேளை, நல்லவேளை என்று நூறு தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன். எந்த நல்லவேளை? அனுப்பினதே நான்தானே.

மார்ச் 9

நேற்று முழுதாக எழுத முடியவில்லை. நடுவர்கள் மூன்று காரில் வந்தார்கள், முற்றத்தைப் பார்த்தார்கள், தேநீர் குடிக்க மேலே போனார்கள். அக்கா முற்றத்தில் நாலு சுற்று சுற்றினாள். ஐந்தாவது சுற்றில் அலுத்துப்போய், ரொட்டியாவது வாங்கி வருவோம் என்று கிளம்பியிருக்கிறாள். சரிவில் ஒரு கார் மேலே ஏறி வந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து. கார் மோதவில்லை. மிக அருகில் பார்த்துப் பதறி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது கார்க்காரர் மேல் தப்பில்லை என்று அவளே சொன்னாள். காரை நிறுத்திவிட்டு லிஃப்டுக்குப் போனோம். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ரொட்டிக் கடைச் சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது.

"இங்க ஒரு வழி விடணும்னு வரைஞ்சவனுக்குத் தோணவே இல்லையாடா?"

மென்று விழுங்கியிருக்கலாம். எத்தனையோ தடவை அதைத்தான் செய்திருக்கிறேன்.

"தோணுச்சுக்கா. வரைஞ்சிருந்தேன். அப்புறம் அழிச்சேன்."

"ஏன்?"

"ரெண்டு கார் நிறுத்த இடம் வேணும்னு கேட்டாங்க."

"யார் கார்?"

நாங்கள் அப்போதுதான் இறங்கியிருந்த கார் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. லிஃப்டுக்குப் பக்கம் என்பதால் நானே கேட்டு வாங்கிய இடம்.

"ஒண்ணு என்னோடது" என்றேன்.

லிஃப்ட் வந்தது. நாலாவது மாடிக்கு அவள்தான் பொத்தானை அழுத்தினாள்.

மார்ச் 15

மூன்றாம் பரிசு. கேடயம் கனமாக இருந்தது, காரில் கொண்டுவந்தேன்.

மார்ச் 24

அக்கா போகிறாள். அவளோடு வேலை பார்த்த சிநேகிதி இருக்கும் தெருவில், தையல்காரர் கடைக்கு மேலே ஒரு அறை. குறுகலான தெரு, பழைய மாடிப்படி, கைப்பிடி ஆடுகிறது. எந்த விருதுப் பட்டியலிலும் வராது. கையில் கட்டு இருக்கும்போது தனியாகவா என்று கத்தினேன். என் மேல உள்ள கோபத்தை இப்படிக் காட்டாதே என்றும் சொல்லிவிட்டேன். எவ்வளவு பெரிய மனிதன் நான், அவள் போவதும் என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும்!

"கோவம் இல்லடா. எனக்கு வெளிய போகணும். அவ்வளவுதான்."

ஏப்ரல் 6

குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சுவரை உடைத்து வழி விட வேண்டும், அதை மூடியவன் நான், பின்வரும் தேதியில், பின்வரும் காரணத்துக்காக. மனைவி படித்துவிட்டு எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினாள். அப்புறம், "இது நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஏப்ரல் 20

சங்கக் கூட்டம். நாற்பது பேர். ரொட்டிக் கடைக்காரரும் வந்திருந்தார். எழுந்து நின்று நான்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜனவரியில் விட்டுப்போன சில்லறையை நினைத்திருப்பாரோ என்னவோ.

என் காருக்குப் பக்கத்து இடத்துக்காரர் பல் டாக்டர். தன் இடத்தைத் தர மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு உரியது, அவர் ஏன் தர வேண்டும்? எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. நான் தயார்தான், அவர்தான் விடவில்லை என்று காலத்துக்கும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வாக்கியங்கள் அவரைத் தாக்கிப் பேசவும் செய்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார், "ஒரு கார் இடம் எவ்வளவு அகலம் சார்?"

இரண்டரை மீட்டர்.

"ஆள் நடக்க அது போதாதா?"

போதும். சக்கர நாற்காலி இரண்டு எதிரெதிரே வந்தாலும் போதும். ஒரு இடம் போதும், என் இடம் மட்டும் போதும். கட்டடக் கலை படித்தவன் நான், பல் பிடுங்குகிறவர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வருடமாகத் தினமும் மாலையில் அந்த இரண்டரை மீட்டருக்குள் காரை ஒழுங்காக நிறுத்தியும் இருக்கிறேன்.

ஏப்ரல் 21

காருக்கு வேறு இடம் இல்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12

உடைத்தாயிற்று. அது பாரம் தாங்கும் சுவர் இல்லை, அந்த மட்டும் சரியாக வரைந்திருக்கிறேன். விளக்கு போட்டு, கதவு வைத்து, இன்று மாலை திறந்தோம். லிஃப்டிலிருந்து ரொட்டிக் கடைக்குத் தொண்ணூற்றிரண்டு எட்டு வைத்தால் போதும். முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை விட்டுப்போனது. மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும், பக்கத்தில் நின்று ரொட்டி வாங்கினார்.

என் கார் இப்போது வெகு தூரத்தில், வாடகை இடத்தில். அதை எடுக்கப் போக ஏழு நிமிட நடை. நிஜமான ஏழு, சக்கரம் உருட்டிப் பார்த்தது.

ஜூன் 14

அக்காவிடம் சொல்ல வேண்டும். வழி விட்டாயிற்று, சரிவைத் தாண்ட வேண்டியதில்லை, உன் அறை அப்படியே இருக்கிறது, வந்துவிடு. என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதியே வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு எடுக்கவில்லை. இரண்டு மணிக்கும் எடுக்கவில்லை. அந்த ஆடும் கைப்பிடி, அந்தப் படி, அந்தக் கண். கார் சாவியை எடுத்துக்கொண்டு ஏழு நிமிடத்தில் பாதி தூரம் ஓடியிருப்பேன், அப்போது அவளே கீழே தையல் கடை போனிலிருந்து கூப்பிட்டாள்; மாடியில் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது என்று தையல்காரர் சொன்னாராம்.

எங்கே போய்த் தொலைந்தாய், எத்தனை தடவை கூப்பிடுவது, போனை எடுக்க மாட்டாயா என்று தெருவில் நின்று கத்தினேன்.

"வீட்டுல இருந்தாத்தானேடா எடுக்கறதுக்கு?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுவதும், தையல் மிஷின் ஓடுவதும், ஒரு சைக்கிள் மணியும் கேட்டன. என்ன விஷயம் என்று கேட்டாள். தாள் சட்டைப் பையில் இருந்தது. சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். சரி, மாடியேறப் போகிறேன், கை நிறையச் சாமான் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.