குழிக்குள் நீ வைத்த கேமரா

ஃபைல் திறந்தது. திரை முழுக்க இருட்டு. நடுவில் மட்டும், எங்கோ உயரத்தில், வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம். மெனு இல்லை. பட்டன்கள் இல்லை. வெளியேற ஒரு மூலைகூட இல்லை.

காலையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் போன் செய்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அவருடைய வண்டி எப்படி வேலை செய்கிறது என்று நாம் செய்து கொடுத்த அனிமேஷன் படம், நினைவிருக்கும் உனக்கு. "அம்மிணி, வண்டிக்குப் பெயிண்ட் மாத்திட்டமுங்க. படத்துலயும் பச்சைய எடுத்துப்போட்டு ஆரஞ்சு அடிச்சுக் குடுங்க. நாளைக்குப் பூஜைங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்."

சரிங்க என்றேன். நீ போன பிறகு இந்த ஃபைலை நான் திறந்ததில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல.

இந்த மென்பொருளின் குணம் உனக்குத் தெரியும். வண்டியையும் மண்ணையும் மட்டும் அது சேமிப்பதில்லை. கடைசியாக மூடும்போது திரை எப்படி இருந்ததோ, அதையும் அப்படியே ஃபைலுக்குள் வைத்துக்கொள்கிறது. நீ விட்டுப்போன இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டது.

முதல் நாளும் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். சேலம் அஸ்தம்பட்டியில் அந்த மாடி அனிமேஷன் பயிற்சி வகுப்பு. எதையோ அழுத்தினேன். சுற்றியிருந்த எல்லாப் பகுதிகளும் மறைந்து, ஒரே ஒரு சாம்பல் நிறப் பெட்டி திரையை அடைத்துக்கொண்டது. சார் முன்வரிசையில் இருந்தார். கூப்பிட வெட்கம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, நான் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய். "ஏனுங்க, உள்ள பூந்துட்டு வெளிய வரத் தெரியலீங்களா?"

"எதை அழுத்தினாலும் ஒண்ணும் ஆகலை."

"அழுத்தறது சரிதானுங்க. மவுஸ எங்க நிறுத்தியிருக்கீங்க? அது எந்தப் பொட்டி மேல நிக்குதோ, அந்தப் பொட்டிக்குத்தான் நீங்க சொல்றது கேக்கும்."

என் மவுஸ் மேல் விளிம்பில் ஒதுங்கி நின்றிருந்தது. அதை நடுவுக்கு இழுத்தாய். கண்ட்ரோல், ஸ்பேஸ் பார். எல்லாம் திரும்பி வந்தன. "இதுக்கா இவ்வளவு நேரம் சாமி கும்பிட்ட மாதிரி உக்காந்திருந்தீங்க," என்றாய். அடுத்த வாரமே நான் உனக்குப் 'புள்ள' ஆகிவிட்டேன்.

பிறகு உன் சிறுநீரகம். டயாலிசிஸ். ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் நீயும் உன் அம்மாவும் சேலத்துக்கு வருவீர்கள், வேலை முடிந்து போவது போலத் திரும்பிப் போவீர்கள். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. வலது கையில் போட்டார்கள். ஊசி ஏறியபின் அந்தக் கையை அசைக்கக் கூடாது. வரைகிற கை.

ஆனால் வேலையை விடமாட்டாய். கட்டில் மேசையில் லேப்டாப். மவுஸ் உன் இடது கையில். இந்த மென்பொருளுக்கு ஒரு கை போதாது, மற்றொரு கை கீபோர்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கை நான். இடது கை அதிக தூரம் நகராது என்பதால், வலது ஓரத்தில் இருக்க வேண்டியவற்றையெல்லாம் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தாய். அடியில் இருக்கும் டைம்லைனை மேலே ஏற்றினாய். பார்க்கிற எவருக்கும் தலைசுற்றும்.

"ஜி," என்பாய். அழுத்துவேன். வண்டி நகரும். "ஐ." அந்த இடம் பதிவாகும். "இரு புள்ள, இன்னும் நான் போயே சேரல."

நர்ஸ் அக்கா ஒருமுறை நின்று பார்த்தார். "ஆளுக்கு ஒரு கை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க, ஆர்மோனியமா?"

"பாட்டு வந்தா உங்களத்தான்க்கா பாடச் சொல்லுவோம்," என்றாய்.

ஒரு நாள் படத்தின் கேமராவைக் குழிக்குள் இறக்கினாய். அடியிலிருந்து மேலே பார்க்கும் கோணம். கறுப்பு, மேலே வட்ட வானம், அதை மறைத்துக்கொண்டு இறங்கும் துளைக்கருவி. ரிக்காரருக்கு அனுப்பினோம். உடனே போன். "அம்மிணி, கேமராவ எங்கீங்க கொண்டுபோய் வெச்சீங்க? குழிக்குள்ள இருந்து யாருங்க பாக்கறாங்க? சனம் வேறெதையாச்சும் நெனைக்கும். அத எடுத்துருங்க."

அவர் சொல்லாமல் விட்டது நமக்குப் புரிந்தது. மூடாத குழி, தவறி விழும் குழந்தை. இந்தத் தொழிலில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

நீ மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளைக் கூரை, அதில் வட்டமாக ஒரு விளக்கு. "எனக்கு இங்கிருந்து இப்படித்தான் தெரியுது புள்ள. அவரு படத்துல வேண்டாம். நமக்கு இருக்கட்டும். கீழயிருந்து தண்ணி ஏறும் பாரு, கேமராவும் அதோட மெதந்து மேல வரும்."

"மேல வந்து எதைப் பாக்கும்?"

"அது வந்ததும் சொல்றேன்."

அந்தப் பெட்டியைத் திரை முழுக்க விரித்து வைத்திருந்தாய். தண்ணீர் ஏறத் தொடங்கவில்லை. டயாலிசிஸ் மெஷின் கத்தியது. உன் பிரஷர் இறங்கிவிட்டது. "மூடிரு," என்றாய், சேமித்து மூடினேன். அடுத்த முறை நீ வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் அம்மாதான் போனில் கூப்பிட்டார். "சாமி, நீ வர வேண்டாம் சாமி," என்றார். நீ போய்விட்டாய் என்று அதிலேயே புரிந்தது.

ஏற்கனவே முடித்து வைத்திருந்த காட்சிகளைக் கோத்து ரிக்காரருக்குக் கொடுத்தேன்.

இன்று கண்ட்ரோலும் ஸ்பேஸ் பாரும் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், மவுஸ் மேல் விளிம்பில். இந்த ஃபைலில் நான் மவுஸைப் பிடித்ததே இல்லை. நகர்த்தினேன். உன் திரை வந்தது. எல்லாம் இடம் மாறி. வழக்கமான இடத்துக்கு என் கண் போகிறது, அங்கே எதுவும் இல்லை. வலது கை மவுஸோடு கீபோர்டைக் குறுக்கே தாண்டித் தாண்டி இடித்துக்கொள்கிறது.

திறக்கும்போதே, சேமித்த திரை அமைப்பும் வரட்டும் என்கிற டிக்கை எடுத்துவிட்டால் என் திரையிலேயே திறந்திருக்கலாம். வகுப்பில் சொல்லித்தந்ததுதான். அப்படித் திறந்து சேமித்தால் நீ அடுக்கியது போய்விடும். நகல் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பாய். வைத்திருக்கிறேன். நகலுக்குள்ளும் நீ மாட்டிக்கொண்டேதான் இருக்கிறாய்.

மூடி, மறுபடி திறந்தேன். டிக்கை எடுக்கவில்லை. மவுஸை இடது கைக்கு மாற்றினேன். விரல்கள் பழகாதவை. ஒரு நிறத்தைப் பிடிக்க எத்தனை தடுமாற்றம். ஆனாலும் பச்சை ஆரஞ்சானது. சொன்ன நேரத்துக்குள் ரிக்காரருக்கு அனுப்பினேன். "சூப்பருங்க அம்மிணி," என்று பதில் வந்தது. என் வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போயிருக்கலாம்.

குழிக்குத் திரும்பினேன்.

இடது கை, ஜி. இடது கை, ஐ. இந்த முறை அழுத்தியதும் நகர்த்தியதும் நானே. தண்ணீர் ஏறுகிறது. நீ செய்தால் இன்னும் நிதானமாக ஏறியிருக்கும். கேமரா மிதந்து வருகிறது, வட்டம் பெரிதாகிறது. விளிம்புவரை கொண்டுவந்துவிட்டேன். வெளியே எடுக்க இன்னும் ஒரே ஒரு ஐ போதும்.

மவுஸ் சரியான பெட்டியின் மேல்தான் நிற்கிறது. பார்த்துக்கொண்டேன். விரலும் எழுத்தின் மேல்தான் இருக்கிறது.

கேமராவை எந்தப் பக்கம் திருப்பட்டும், சொல்.